இணைச்சீரும் எலக்ட்ரானும்

கண்ணு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன். போன ஞாயிறு சாயங்காலம் நீ அனுப்பிய ஒற்றை வரியை இதுவரை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. "அக்கா இணைச்சீருக்கு நிக்கலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன்." அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கும், அதில் கூடப்பிறந்தவள் நிற்கும் அந்தச் சீருக்கும் இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் பெண் வீட்டார் பத்திரிகை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அம்மா நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் கேட்டால் மட்டும் "ஆமாங்", "இல்லீங்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டாள். அந்த மரியாதை எனக்குத் திட்டைவிட அதிகமாக உறைத்தது.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நாங்கள் கூடிப் புத்தகம் பற்றிப் பேசும் கூட்டத்திலும் படிக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊர் நடுவில் வைப்பதா என்று நீ கேட்பாய். நான் செய்த தப்பின் முதல் பாதியை அந்த மாடியில் நின்றுதான் செய்தேன். கைதட்டு வேறு வாங்கினேன். உன் அக்கா தாரணியிடம் அனுமதி கேட்டேன். "படிச்சுக்குங்க. ஆனா என்னையப் பாவம்னு மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றாள். எழுத மாட்டேன். இதில் பாவப்பட்ட ஆள் யாராவது உண்டென்றால், அது முப்பத்திநான்கு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, சொந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்கத் தெரியாமல் போன உன் அப்பன்தான்.

நீ தைவானில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷம், நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து உன் அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தபோது, கன்பூசியத் தத்துவம் பற்றி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் அனுப்பி வைத்தாய். பொழுது போகட்டும் என்று அனுப்பினாய். எனக்கோ பேய் பிடித்த மாதிரி ஆயிற்று. பிற்காலக் கன்பூசியர்கள் உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். லீ என்றால் ஒழுங்கு, ச்சீ என்றால் அந்த ஒழுங்கு குடியிருக்கும் பொருளும் சக்தியும். பொருள் இல்லாமல் ஒழுங்குக்கு நிற்க இடமில்லை, ஒழுங்கு இல்லாமல் பொருளுக்கு உருவம் இல்லை. படித்தவுடன் நான் துள்ளி எழுந்தேன். கரும்பலகையில் வருஷா வருஷம் நான் எழுதிப் போட்ட அலைச் சமன்பாடும் அதன் துகளும் அல்லவா இது! யின், யாங் என்று எதிரெதிராக நின்றுகொண்டே ஒன்றையொன்று நிறைவு செய்பவை. அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்ளும் எலக்ட்ரான் வேறென்ன?

அதைவிட என்னைக் கவ்விப் பிடித்தது உறவு பற்றிய பகுதி. அவர்கள் கணக்கில் மனிதன் தனியாக ஒரு ஆளே இல்லை. ஒருவருக்கு மகன், ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்குக் கணவன். இதையெல்லாம் கழற்றிவிட்டால் உள்ளே மிச்சம் ஒன்றும் கிடையாது. பிணைந்த இரண்டு துகள்களும் அப்படித்தானே. சேர்த்துப் பார்த்தால் முழு விவரமும் இருக்கும். பிரித்து ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் திட்டமாக இருக்காது. அப்புறம் சடங்கு. அவர்களுக்குச் சடங்கு வெறும் அலங்காரம் அல்ல. அது நடந்த பிறகுதான் உறவு உறவாகிறது. எனக்கு உடனே அளவீடு ஞாபகத்துக்கு வந்தது. அளக்கும் வரை துகளுக்குத் தீர்ந்த விடை கிடையாது. அளந்த கணத்தில்தான் இது இப்படி என்று ஆகிறது. ஆகவே நம் கல்யாணங்களை நடத்தி வைக்கும் அருமைக்காரர் மணவறையில் நின்று செய்யும் ஒவ்வொரு சீரும் ஓர் அளவீடு என்று நூலக மாடியில் பேசினேன். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் பக்கத்துத் தெரு ஆடிட்டரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "ஏனுங்க, சீனாக்காரரு சொன்னத அப்பறம் பாத்துக்கலாம். மேல் தொட்டிக்குத் தண்ணி ஏறல, மோட்டாரக் கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்றாள்.

அன்று நான் மோட்டாரைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

உன் நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். நீ வர முடியவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சென்னிமலையிலிருந்து வந்திருந்த உன் பெரியப்பா, "செரி, இணைச்சீருக்கு யாரு நிக்கறாங்க?" என்று பொதுவாகக் கேட்டார். முகூர்த்தத்துக்கு முன்னால் கூறைச்சேலைக் கூடையோடு மாப்பிள்ளைக்கு இணையாக அவன் கூடப்பிறந்தவள் நிற்கும் சீர் அது. நாளைக்குப் பெண்டாட்டி வந்தாலும் இந்த வீட்டில் அக்காளுக்கு இடம் உண்டு என்று ஊர் பார்க்கச் சொல்லுவது. அந்தச் சமயம் தாரணி காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் விபத்தில் போய் நான்கு வருஷம் ஆகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை, கண்ணு. நான் சொல்லிவிட்டேன். "நம்ம அண்ணன் பொண்ணு இருக்கறாளே, அவளே நிக்கட்டும்."

யாரும் என்னை நெருக்கவில்லை. பெரியப்பா தாரணியின் பெயரைச் சொல்லித் தடுக்கவில்லை. பெண் வீட்டார் முகம் சுளிக்கவில்லை. நானாக முந்திக்கொண்டு சொன்னேன். தாரணி காப்பியைக் கொடுத்தாள். ஒருவரையும் விடாமல், எனக்கும் சேர்த்துக் கொடுத்தாள். தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டு, புருஷன் போன பிறகு வீட்டுக்குக் கீழே அவளே நடத்தும் பட்டறைக்கு இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் லேத் ஓடும் சத்தம் கேட்டது. "கல்யாண ஊட்ல இன்னிக்குமா வேலை?" என்று யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இதைக் கேட்டபோது, தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. புத்தகம்தான் வந்தது. சடங்கு ஓர் அளவீடு, அதில் நிற்பவருக்கு ஒரு நிலை வேண்டும், சுமங்கலி என்பது ஒரு நிலை, அந்த நிலை மாறிவிட்டது, இதில் நல்லது கெட்டது இல்லை, அமைப்பு அப்படி என்று உனக்கே வகுப்பு எடுத்தேன். குவாண்டம் ஆய்வகத்தில் வேலை செய்பவனிடம்! நீ கேட்டது அப்படியே காதில் நிற்கிறது. "உறவுதான் மொதல்னு சொன்னது நீங்கதானுங்கப்பா? அப்ப எனக்கு அக்காங்கறது மொதலா, செத்துப்போன மாமாவுக்குப் பொண்டாட்டிங்கறது மொதலா?" நான் குரலை உயர்த்தினேன். நீயும் உயர்த்தினாய். "ரெண்டு விஷயம் ஒண்ணுபோலத் தெரியுதுங்கறதுக்காக ஒண்ணு இன்னொண்ணுக்குச் சாட்சி ஆயிராதுங்கப்பா. அளக்கறப்ப எலக்ட்ரானுக்கு வெட்கம் கெடையாது. அக்காவுக்கு இருக்குது." போனை வைத்துவிட்டாய். சாயங்காலம் அந்த ஒற்றை வரி வந்தது.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. திங்கட்கிழமை காலையில் உன்னை மடக்குவதற்கு வரி தேடி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எனக்குப் பிடித்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன் அல்லவா, அந்தப் பக்கங்களையே புரட்டினேன். ஒழுங்கு, பெயருக்கு ஏற்ற நடத்தை, தகப்பன் தகப்பனாக இருப்பது, எல்லாம் இருந்தது. கோடு இல்லாத ஒரு பக்கத்தில் விரல் தடம் ஒன்று கிடந்தது. கறுப்பாக, எண்ணெய் ஊறி, காகிதத்தின் மறுபக்கம் வரை இறங்கிய கட்டைவிரல் தடம். இந்த வீட்டில் அப்படிப்பட்ட விரல் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. பம்பு ஷாஃப்ட் கடைந்து கடைந்து அவள் நகக்கணுவில் ஏறிய கறுப்பு, சோப்புப் போட்டாலும் போவதில்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? மனத்தில் மனிதனுக்கான இடம் இல்லாமல் செய்யும் சடங்கு வெறும் கை கால் அசைப்பு என்று அந்தத் தத்துவக்காரர்களே நினைத்தார்கள் என இரண்டு பத்தி இருந்தது. நான் அதைப் படித்த ஞாபகமே இல்லை. படித்திருந்தாலும் கோடு போடாமல் தாண்டியிருக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அங்கங்கே அந்தத் தடம் இருந்தது. அவள் முழுப் புத்தகத்தையும் படித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்படி நான் எப்போது இருந்தேன்?

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியாது, நீ அப்போது ஆறாம் வகுப்பு. தாரணி பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "ஏனுங்கப்பா, அளந்தா அது மாறிப்போகுதுன்னா, அளக்கறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எம்.எஸ்ஸி. மாணவர்கள்கூட என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அது உன்ற சிலபஸ்ல இல்ல அம்மணி" என்றேன், தலையைத் தூக்காமல். அந்த வருஷம் அவளுக்கு பி.காம். விண்ணப்பம் வாங்கி வந்ததும் நான்தான். என்ன படிக்க ஆசை என்று கேட்கவில்லை. பெண் பிள்ளைக்கு அது வசதி என்று முடிவு கட்டினேன். ஏழு வருஷம் கழித்து நீ அதே மேசையில் வந்து ஏதோ அரைகுறையாகக் கேட்டபோது, உனக்கு நாற்காலி போட்டு மூன்று மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். நீ இன்று இருக்கும் இடத்தில் உன் உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அவளுக்கு மறுத்த நாற்காலியும் அதில் இருக்கிறது. இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். தாரணி அப்போதுதான் கடைந்து எடுத்த ஒரு ஷாஃப்டைத் தனியாக வைத்துவிட்டு, முன்பே ஆறியிருந்த இன்னொன்றை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் புதிதை எடுத்து நீட்டினேன். சூடு கையைச் சுட்டது. "வெச்சுருங்கப்பா. சூட்டோட அளந்தா அளவு தப்பா வரும்" என்றாள். கையை உதறிக்கொண்டே கேட்டுவிட்டேன். "தம்பிக்கு இணைச்சீருக்கு நீ நிக்கறயா கண்ணு?"

அவள் மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "இப்பக் கேக்கறீங்க. அன்னிக்கு அத்தன பேரு இருந்தப்ப என்னைய ஒருத்தரும் கேக்கல. தம்பியும் கேக்கல, தெரியுங்களா? எனக்காகத்தான் சண்டை போட்டுருக்கறான். ஆனா 'அக்கா, நீ நிக்கறயா?'ன்னு ஒரு போன் போடல."

"அதான் இப்ப நான் கேக்கறன் சாமி."

"இது கேள்வி இல்லீங்கப்பா. நிக்கறன்னு சொன்னா உங்க மனசுல இருக்கற பாரம் எறங்கிரும். மாட்டேன்னு சொன்னா அவன் கல்யாணம் நின்னு போயிரும், அதும் என் தலைலதான் விழும். எதச் சொன்னாலும் அது நான் சொன்னதா ஆகாது. மொதல்ல தம்பிகிட்டச் சொல்லுங்க, நான் நின்னாலும் நிக்காட்டியும் அவன் மணையில உக்காரோணும். பெரியப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க, எனக்கு நிக்கற உரிமை இருக்குதுன்னு. அது ரெண்டும் முடிஞ்சாப்பறம் வந்து கேளுங்க. அப்பச் சொல்றன்."

நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிளஸ் டூ பெண்ணுக்கு நான் சொல்லாமல் விட்ட பாடத்தை அவள் எனக்கு நடத்தி முடித்திருந்தாள். கேட்கும் விதம் பதிலைத் தீர்மானித்துவிடும் என்று வருஷம் முழுக்க வகுப்பில் பேசியிருக்கிறேன். அந்தப் பாடத்தை என் வாயால் சொன்னேனே தவிர, என் பிள்ளைகளிடம் பேசும்போது ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. "புஸ்தகம் படிச்சியா?" என்று மட்டும் கேட்டேன். "படிச்சனுங். நல்லா இருந்துச்சு. ஆனா நீங்க மாடில பேசுனது அதுல இல்ல" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கையில் சுட்டுக்கொண்டதற்கு அழுவதாக அவள் நினைத்தாளோ என்னவோ, மேலே ஓடிப்போய் ஐஸ் கட்டி கொண்டு வந்தாள்.

புதன்கிழமை சென்னிமலை போனேன். பெரியப்பாவிடம் நேராகச் சொன்னேன். அண்ணன் பொண்ணு இணைச்சீருக்கு நிற்கட்டும் என்று நான் சொன்னது தப்பு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அந்த இடம் தாரணியுடையது, அவள் விரும்பினால் நிற்பாள், இல்லையென்றால் அந்தச் சீர் நடக்காது, வேறு யாரும் கூடை எடுக்க மாட்டார்கள் என்றேன். "என்றா தம்பி, காலேஜு வாத்தியாருன்னா சாங்கியத்த மாத்திப்போடுவியா? என்ற புள்ளைகிட்ட நிக்கச் சொல்லிப்போட்டு இப்ப வேண்டாங்கற. அவளுக்கு மூஞ்சி இல்லையா?" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அங்கேயும் நான் ஒரு பெண்ணைக் கேட்காமல் நிறுத்தி, கேட்காமல் விலக்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "போச்சாதுங் சித்தப்பா, தாரணியக்கா இடந்தானே அது" என்று பெரிசுபண்ணாமல் சொல்லிவிட்டாள். பெரியப்பா மட்டும் இறங்கி வரவில்லை. அப்படி நடந்தால் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்றார். அப்பாவுக்கு அடுத்தபடி என்னை வளர்த்தவர் அவர். அவர் இல்லாமல் என் வீட்டில் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தேன். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆகவில்லை.

ஞாயிறு கூட்டத்தில், சடங்கை அளவீடு என்று சொன்ன என் பேச்சின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறப் போகிறேன். கன்பூசியர்கள் எப்படி வாழ்வது என்று யோசித்தார்கள். நம் இயற்பியல் எந்த அளவீட்டில் எந்த விடை எத்தனை வாய்ப்போடு வரும் என்று சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் சந்தோஷம் இருக்கிறது, அதை விட்டுவிட எனக்கு இஷ்டமில்லை. உறவுதான் முதல் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் மின்னுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் சந்தோஷத்துக்காகப் பார்த்த ஒன்றை ஒருத்தியை வாசலில் நிறுத்துவதற்குச் சான்றிதழாக நீட்டினேன். என் கோழைத்தனத்துக்குச் சீனாவிலிருந்தும் அணுவுக்குள்ளிருந்தும் ஆள் பிடித்து வந்தேன். அதைத்தான் திரும்பப் பெறுகிறேன்.

நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன். அப்பன் என்ற முறையில் ஒரே ஒரு புத்தி சொல்ல எனக்கு இன்னும் தகுதி மிச்சம் இருந்தால், இதுதான். வருகிறவளுக்காக நீ பேசிவிடாதே. நல்ல எண்ணத்தில்கூடப் பேசிவிடாதே. நான் உன் அக்காவுக்குக் கெடுதலாக முடிவு செய்தேன், நீ அவளுக்கு நல்லதாக முடிவு செய்தாய். வித்தியாசம் பெரியதுதான், நான் உன்னையும் என்னையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனாலும் இரண்டு முடிவும் அவளைக் கேட்காமல் அவள் தலைக்கு மேலேயே நடந்தது.

அதனால் உன்னிடம் ஒன்று வேண்டிக் கேட்கிறேன். அந்த ஒற்றை வரியைத் திரும்ப எடுத்துக்கொள். என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல். நீ நின்றாலும் நிற்காவிட்டாலும் நான் மணையில் உட்காருவேன் அக்கா, உனக்கு எது பிரியமோ அதைச் செய் என்று உன் குரலில் சொல். கோபம் என் மேல் இருக்கட்டும், அதை நான் தாங்கிக்கொள்கிறேன்.

நீ அவளிடம் பேசிய மறுநாள் நான் திரும்பவும் கீழே இறங்கிப் போவேன். வெறும் கையோடு, புத்தகம் இல்லாமல் போவேன். நிற்கிறாயா கண்ணு என்று கேட்பேன். முப்பத்திநான்கு வருஷம் கேள்வித்தாள் தயாரித்தவன் நான். கேள்வியை எழுதும்போதே விடைக்குறிப்பையும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருப்பேன். இந்தக் கேள்விக்கு அது என்னிடம் இல்லை. அவள் நிற்கிறேன் என்று சொல்லலாம். நான்கு வருஷம் இந்த வீடு தன்னை எப்படிப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கூடை எனக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் நாம் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. சீக்கிரம் அவளுக்குப் போன் போடு.

உன் அப்பா